‘வேரூன்றிய’ என்று நீ எழுதிய வரி

இன்று மத்தியானம் தம்ளர் துலக்கும்போது, அடியில் ஒட்டியிருந்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு நாரோடு வந்துவிட்டது. நீ செத்துப்போய் ஐந்து மாதம் கழித்து.

அதை வைத்தவள் நான்தான். எங்கள் தறிக்கு நூல் சுற்ற நீ வந்த முதல் வாரம், உன் தம்ளர் எங்களுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று வைத்தேன். உன் தெருக்காரர்களுக்கு எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பதினோரு வருடம் அது கொல்லை ஜன்னலில் கிடந்தது. நீயே எடுத்துக் குடித்தாய், நீயே கழுவிக் கவிழ்த்தாய். நம் சினேகிதத்துக்கு அது குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு இரண்டு பேரும் எழுதப் படிக்கக் கற்கப் போனோம். ஒரு நாள் டீச்சர் பலகையில் ‘வேரூன்றிய’ என்று எழுதினார். “அசைக்க முடியாம நெலைச்சுப் போனதைச் சொல்றது. மரத்துக்கு மட்டுமில்ல. பழக்கம், நம்பிக்கை, பகை எல்லாத்துக்கும் வரும்.”

“புடுங்கினா வருமா டீச்சர்?” என்றாய். வகுப்பே சிரித்தது.

“கஷ்டப்பட்டா வரும்மா. ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்க.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ எழுந்து வாசித்தாய்: ‘என் தம்ளர் ஜன்னலில் இருப்பது வேரூன்றிய வழக்கம்.’ டீச்சர் சரி போட்டார். என் காது சுட்டது.

வரும் வழியில் கேட்டேன். “எங்க வூட்டு ஜன்னலாடி?”

“பின்ன, காமாட்சி கோயில் ஜன்னலா?”

“இத்தினி வருசமா ஒரு வார்த்த சொல்லலியே.”

“சொன்னா நீ அழுவ. உன்ன யாரு தேத்திக்கினு இருக்கறது?”

மறுநாள் தம்ளரை உள்ளே கொண்டுவந்து பொட்டை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. “வுடுடி, தானா போவும். மொதல்ல காபிய ஊத்து” என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாய். அன்றிலிருந்து உன் தம்ளரையும் நான்தான் கழுவினேன்.

இன்று உன் மகள் வந்தாள். அச்சு அசல் உன் நடை. “வாம்மா, உள்ள வா” என்று வாய் சொன்னது. கை, கொல்லை ஜன்னல் பக்கம் போனது. அங்கே இப்போது தம்ளர் எதுவும் இல்லை. சட்டென்று இழுத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து உன் தம்ளரை எடுத்துக் காபி கொடுத்தேன். அவள் போன பிறகு துலக்கும்போதுதான் பொட்டு வந்தது.

கை போனதை அவள் கவனிக்கவில்லை. நீ கவனித்திருப்பாய். “வேரு இன்னும் இருக்குதுடி” என்று சிரித்து, காபியும் கேட்டிருப்பாய்.

இனி என் கையை நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.