சாலைக்கு நடுவே நான்கு சிறு கபர்கள்

2007 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். மலையடிவாரத்தில் பதினான்கு முளைகள் அடித்து முடித்துவிட்டேன். முளைகளின் தலையில் அடித்த சிவப்பு ஸ்பிரே பெயிண்டின் வாடை இன்னும் விரலில் இருக்கிறது. டப்பா உங்கள் கடையில் வாங்கியதுதான், பாய். ஏழாவது முளை அந்த நான்கு சின்னக் கபர்களுக்கு, பிள்ளைகளைப் புதைத்த குழிகளுக்கு, நடுவே நிற்கிறது. அதில் ஒன்று உங்கள் மகளுடையது. நாளை காலை அங்கே மண் வெட்டும் இயந்திரம் இறங்கும். நீங்கள் கண்மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

துபாய்க்குப் புது ரோடு போட, சர்வேயராக இந்த சைட்டுக்கு வந்தபோது, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு ஒரே கடை உங்களுடையதுதான். "சீக்கிரம் பாய், டூட்டி இருக்கு" என்று நின்றுகொண்டே தேத்தண்ணி கேட்பேன். "உக்காந்து குடிங்க தம்பி. நீங்க ஓடுற ஓட்டத்துக்கு ரோடு உங்களுக்குப் பின்னாடிதான் வரணும்" என்பீர்கள். கீழக்கரைக்காரர்களின் கிண்டலுக்கு எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பதில் கிடையாது. நான் உட்கார்ந்தேன்.

வரைபடத்தில் அந்தச் சரிவுக்கு 'சிதறிய கற்கள்' என்று போட்டிருந்தது. நானும் கற்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள்தான் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். பெயர் இல்லை, வேலி இல்லை. அந்த மலை மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் அடக்குகிறார்கள். பெயர் எழுதினால் இறந்தவர் பெருமை தேடியதாகிவிடும் என்பது அவர்கள் வழக்கம். "நம்ம மவ ஏழு நாள்தான் இருந்தா தம்பி. டவுனுக்குக் கொண்டுபோக வண்டி இல்ல. இவங்கதான், எங்க பிள்ளைங்களோட கெடக்கட்டும்னு எடம் குடுத்தாங்க" என்றீர்கள். பக்கத்தில் ஒரு முள்மரம் இருந்தவரை எந்தக் கபர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மழைவெள்ளத்தில் மரம் போனது. அதற்குப் பிறகு நான்குக்கும் சேர்த்தே துஆ கேட்டீர்கள்.

சாலையைப் பன்னிரண்டு மீட்டர் கிழக்கே தள்ளினால் போதும். கணக்குப் போட்டு, வரைந்து, கன்சல்டன்ட் இன்ஜினியரிடம் கொடுத்தேன். "அங்க கரண்ட் டவர் லைன் இருக்கு. ட்ராயிங் அப்ரூவ் ஆயிடுச்சு. கலாஸ், முடிஞ்சது" என்றார். கத்தினேன். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அரசாங்க அதிகாரியிடம் போனோம், நீங்களும் நானும் மலைவாசிகளின் பெரியவர் அபூ சாலிமும். பதிவு இல்லாத இடத்தை மையவாடி என்று, அடக்கத்தலம் என்று, ஏற்க முடியாது என்றார். அவர்கள் பக்தியோடு எழுதாமல் விட்டதையே அவர்களுக்கு எதிராக வைத்தார். வெளியே வந்ததும் அபூ சாலிம் அரபியில் ஏதோ சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். "நாங்க துபாய்க்கு அவசரமாப் போகணும்னு யாருகிட்ட சொன்னோம்னு கேக்குறாரு."

ஒரே ஒரு சலுகை கிடைத்தது. சொந்தக்காரர்கள் தங்கள் கபரை அடையாளம் காட்டினால் ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். பலர் வந்து எடுத்துப்போனார்கள். இந்த நான்கு சின்னக் கபர்கள் மட்டும் நின்றுவிட்டன. மற்ற மூன்று வீட்டாரும் எப்போதோ மலையை விட்டுப் போனவர்கள். "ஏதாவது ஒண்ணக் காட்டுங்க பாய், மாத்திடலாம்" என்றேன். "அடுத்தவன் பிள்ளைய எடுத்துட்டு எம் பிள்ளைய விட்டுட்டேன்னா?" என்றீர்கள். "நாலும் உன் பிள்ளைதான், எடுத்துக்கோ" என்று அபூ சாலிம் சொன்னார். ஒருவருக்கு ஒன்று என்று அதிகாரி மறுத்துவிட்டார். அலைந்தோம். நோன்பு வந்தது, கெடு முடிந்தது. பெருநாள் கழிந்த வாரம், கடையில் அரிசி மூட்டையின்மேல் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். டவுன் மையவாடியில் அடக்கினோம். அங்கே எண் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே உங்களோடு இருந்த உங்கள் மனைவி, நேற்று கீழக்கரையிலிருந்து போன் செய்தார். "தம்பி, எம் பிள்ளைய அதோட வாப்பா பக்கத்துல வச்சிட்டாகளா?" லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அபூ சாலிமிடம் போய், நான்கையும் உடனே நானே தோண்டி எடுத்துவிடட்டுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. திரும்பி வந்து முளைகளை எண்ணி வைத்தேன், பாய்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை ஆறு மணிக்கு, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று இயந்திரத்துக்கு மட்டம் காட்டுவேன். நான் மாட்டேன் என்றால் வேறு ஒருவன் காட்டுவான். அவனுக்கு அவை கற்கள்தான்.

2. வெட்டும் மண்ணை எல்லாம் அடுத்த பள்ளத்தில் நிரப்பி அதன்மேல் ரோடு போடுவதுதான் திட்டம். அந்த நான்கு இடத்து மண்ணை மட்டும் 'நிரப்ப உதவாத மண்' என்று எழுதி ஒதுக்குவேன். நல்ல மண்தான். சரிவுக்கு மேலே, ரோடு வராத இடத்தில் கொட்டச் சொல்லி, கடைசி லோடு வரை நிற்பேன்.

3. மாலையில் கீழக்கரைக்குப் போன் செய்வேன். பக்கத்தில் வைக்க முடியவில்லை என்று சொல்வேன். எந்தப் பிள்ளை என்று தெரியாமலே போய்விட்டது என்றும் சொல்வேன். அவள்மேல் வண்டி ஏறாது, அதற்கு மேல் என்னால் முடியவில்லை என்பேன். அவர் அழுது முடிக்கும்வரை போனை வைக்க மாட்டேன்.