கீது என்று ஒரு சொல்

நேற்று மாடியில் வெயிலுக்குப் போட்ட கறுப்புக் கம்பளியை எடுக்க மறந்துவிட்டேன். ராத்திரி மழையில் ஊறிப்போய்க் கிடந்தது. காலையில் பிழியப் பிழிய அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷம் தண்டையார்பேட்டைத் தூசியையும் டோல்கேட் லாரிப் புகையையும் தின்ற கம்பளி, கொஞ்சம் ஈரம் பட்டதும் இன்னும் செம்மறியாடாகத்தான் நாறுகிறது. கீழ்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, இதைத் தூக்கிப் போடக்கூடாதா என்று கேட்டாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து உங்களை நினைத்து அழுதேன்.

இந்தக் கம்பளி நம் வீட்டுக்கு வந்த வருஷம் நமக்கு இரண்டாவது குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியே நின்று நீங்கள் நர்ஸிடம் கேட்டது, உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது.

"கொயந்த கீதாம்மா?"

"இல்லப்பா" என்றார் அந்த அம்மாள். பையன் என்பதைக்கூட அப்புறம்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பேசுவதை விட்டுவிட்டேன். சமைத்தேன், துவைத்தேன், மேரிக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினேன். வாயை மட்டும் திறக்கவில்லை. பக்கத்தில் எங்காவது கைக்குழந்தை அழுதால் ஜன்னலைச் சாத்துவேன். ஹார்பரில் நாளெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, கைகூடக் கழுவாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். திட்டவாவது திட்டு மே என்று கெஞ்சினீர்கள். எனக்குத் திட்டவும் வரவில்லை.

திட்டுவதில் நான் குறைந்தவளா? அந்தக் 'கீது'வுக்காகவே கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் படுத்தினவள்தானே. ராயபுரம் கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் ஸ்கேலால் அடித்துத் திருத்தின வாய் என்னுடையது. சோறு கீதா மே என்று நீங்கள் கேட்டால், "இ-ருக்-கி-றது" என்று எழுத்தெழுத்தாக அழுத்திச் சொல்வேன். நீங்கள் கோபித்துக்கொண்டதே இல்லை. டீச்சரம்மாவக் கட்டிக்கினேன் என்று தெருவுக்கே சொல்லிச் சிரிப்பீர்கள். மேரிக்கும் என் பேச்சுதான் படிந்தது. உங்களை நைனா என்று கூப்பிடுவதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. தெருவுக்குத் தெரு குடில் கட்டி, வைக்கோலில் குழந்தை இயேசுவைப் படுக்கவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதெல்லாம் என் கண்ணில் படக்கூடாது என்று நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். கூட வேலை செய்த சங்கரலிங்கத்தின் ஊர் விளாத்திகுளத்துக்கும் அந்தப் பக்கம் இருந்தது. அவருடைய அக்கா பேச்சியம்மாள் அங்கே இருந்தார். மேரிக்கு அரைப் பரீட்சை லீவு. சர்ச்சும் இல்லை, குடிலும் இல்லை, பாட்டும் இல்லை, நாலு நாள் சும்மா காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனீர்கள்.

கரிசல் காட்டில் பஸ் இறங்கி, பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டி நிறையச் செம்மறி. திரும்பின பக்கமெல்லாம் இன்றைக்குப் பிறந்தது, நேற்றுப் பிறந்தது, காலில் நிற்கத் தெரியாதது. பனையோலையில் முடைந்த பெரிய கூடைகளைக் கவிழ்த்து, அதற்குள்ளே பூராவும் குட்டிகள். தாய் ஆடுகள் கத்த, குட்டிகள் பதிலுக்குக் கத்த, ஊரே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ஆடு குட்டி போடும் காலம் மார்கழி என்பது ஹார்பர்காரருக்கு எப்படித் தெரியும்? உங்கள் முகம் செத்துவிட்டது.

"சத்தியமா அவன் சொல்லவே இல்ல மே. நாளிக்கே பூடலாம்."

ஆனால் காலைப் பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கும்போதுதான் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆடு குட்டி போட்டது. பேச்சியம்மாள் அந்தக் கோடியில், குட்டி தலை சிக்கிக்கொண்ட இன்னொரு ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இங்கே விழுந்த குட்டி அசையவில்லை. நாம் மூன்று பேரும் பையும் கையுமாக நின்றோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் பையைப் போட்டுவிட்டு ஓடினீர்கள்.

அவர் அங்கிருந்து கத்திச் சொல்லச் சொல்ல, நீங்கள் அதன் வாயில் விரலை விட்டுக் கோழையை வழித்தீர்கள், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக வீசினீர்கள், மூக்கில் ஊதினீர்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தீர்கள். அந்தக் குட்டி பிழைத்தால்தான் நீங்கள் வீடு திரும்ப முடியும் என்பதுபோல் துடைத்தீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு குனிந்து அதன் விலாவில் காதை வைத்தீர்கள்.

"கீது" என்றீர்கள். அடுத்து என்னைப் பார்த்து, மெதுவாக, "கீது மே."

ஓடி வந்த பேச்சியம்மாளுக்கு அது புரியவில்லை. "கீதுன்னா என்ன? என்ன சொல்லுதாரு இவரு?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்கு" என்றேன். "இருக்குன்னு சொல்றாரு."

மூன்று மாதத்துக்குப் பிறகு என் வாயில் வந்த முதல் பேச்சு, உங்கள் பேச்சுக்கு அர்த்தம் சொன்னதுதான்.

ஆனாலும் தாய் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. உங்கள் துண்டு ஆயிற்றே, எத்தனை துவைத்தாலும் டீசலும் கிரீஸும் போகாத துண்டு. குட்டியின் மேல் ஹார்பரே நாறியது. பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். தாயின் பின்னால் வழிவதை எடுத்துக் குட்டி மேல் தடவு தாயி, வாசம் மாறட்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். வழவழவென்று சூடாக இருந்ததை இரண்டு கையாலும் வாங்கி அந்தச் சின்ன முதுகில், கழுத்தில், காதில் தடவினேன். தாய் மறுபடி வந்தது. முகர்ந்தது. நக்க ஆரம்பித்தது. நம் பிள்ளையை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அழுகையை அந்தப் பட்டியில்தான் அழுதேன். நீங்கள் அழுக்குக் கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். பஸ் போய்விட்டது.

நாலு நாளும் இருந்துவிட்டே வந்தோம். கிளம்பும்போது பேச்சியம்மாள் பனிக்கு நாம் போர்த்திக்கொண்ட கம்பளியை மடித்து மேரி தலையில் வைத்தார். அதற்கப்புறம் நீங்கள் ஆட்டுக்கறியைத் தொடவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தின்றீர்கள். அந்தக் குட்டி என்ன ஆனதென்று மட்டும் நாம் யாரும் விசாரிக்கவில்லை.

மேரி வளர்ந்து கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்த வருஷம், ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தீர்கள். இந்தத் தடவை வெளியே நின்றது நான். டாக்டர் வந்தார். அவரிடம் எனக்குக் கேட்கவே வரவில்லை, அவராகவே சொல்லிவிட்டார். அன்றைக்கு நர்ஸ் உங்களிடம் சொன்ன அதே சொல்தான்.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ மேரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். நைனா எப்படிம்மா இருக்காரு என்று கேட்டாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் தனியாக வரவேண்டிய பிள்ளை. அந்தச் சொல்லை மடியில் வைத்துக்கொண்டு அவள் எப்படி வருவாள்?

"கீறாரு" என்றேன். "கீறாரு மேரி. நீ பதறாம வா."

பொய்தான். இன்றைக்கும் அதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை. விடிந்ததும் வந்தாள். வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் போன பிறகு, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று நானே அவளிடம் ஆரம்பித்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சும்மா. உன் வாயில அந்த வார்த்த வந்து நான் கேட்டதே இல்ல."

வழியெல்லாம் அழுதுகொண்டேதான் வந்திருக்கிறாள். உங்கள் பேச்சைக் கடன் வாங்கிக்கூட எனக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை பாருங்கள்.

இன்று சாயங்காலம் மழை விட்டது. கம்பளியை உள்ளே கொடிகட்டிப் போட்டிருக்கிறேன். விளக்கு வைக்கும் நேரம் கீழ்வீட்டுக்காரி படியேறி வந்து, "இன்னாக்கா, அந்தக் கம்பளியத் தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டாள்.

"கீது" என்றேன்.