அறுபத்திரண்டு கிலோவுக்கு ஒரு சைக்கிள்

மார்ச் 4, செவ்வாய்

எலும்பு டாக்டர் என் முதுகுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதோ என் மார்க் ஷீட்டைப் பார்ப்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். அவருடைய தொப்பை மேசை விளிம்பில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. உடம்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இவரைவிட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை.

"பாறை மேல சைக்கிளா? இந்த வயசுலயா? பின்னால ஷாக் இருக்கா வண்டியில?"

இல்லை என்றேன்.

"அப்ப நிறுத்திடுங்க. இல்லன்னா ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கற வண்டியா வாங்குங்க. இன்னொரு அதிர்ச்சிய இந்த டிஸ்க் தாங்காது."

வீட்டில் இவருக்கு முகமெல்லாம் நிம்மதி. "டாக்டரே சொல்லிட்டாரில்ல, விட்டுடு." டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் கேட்கும் காது இவருக்கு.

குவாரி மேட்டுப் பாதையில் ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதை விட முடியாது என்று சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால், யார் உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று கேட்பார்.

கடைசியில் ஒப்பந்தம்: புது வண்டி ஒன்று வாங்கலாம், என் போனஸுக்குள். அதிலும் விழுந்தால் இனி சைக்கிள் பேச்சே கிடையாது. சரி என்றேன். கையெழுத்துப் போடாததுதான் பாக்கி.

மார்ச் 6, வியாழன்

மூன்று நாளாகச் சைக்கிள் நிபுணர்களின் வீடியோ. எல்லோருக்கும் ஒரே தாடி, ஒரே உற்சாகம். 'ஆரம்பநிலை வண்டி' என்று அவர்கள் காட்டுவதை வாங்க நான் ஆரம்பநிலையில் ஒரு வீட்டை விற்க வேண்டும்.

இந்தப் பக்கம் பார்த்தால், பல்பொருள் அங்காடியில் துணி துவைக்கும் பக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி. பின்னால் கெட்டியாக ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் அமுங்கும், விட்டால் அதே வேகத்தில் தூக்கி எறியும். சஸ்பென்ஷன் என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும், வாங்க ஆள் இருக்கிறது.

எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். காற்றடைத்த ஷாக், ஓட்டுபவரின் எடைக்குத் தகுந்தபடி காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். அமுங்கியது எவ்வளவு வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்று திருகி வைக்க ஒரு குமிழ். எண்ணெய் பிரேக். இவ்வளவு இருந்தால் போதும், நிறம் எந்தக் கண்றாவியாக இருந்தாலும் சரி.

மார்ச் 8, சனி

கொழுந்தன் வந்தார். மனதுக்குள் நான் அவரைப் பேரறிஞர் என்றுதான் கூப்பிடுவது. அவர் சைக்கிள் இரண்டு வருடமாகச் சுவரில் தொங்குகிறது. துண்டு காயப்போட வசதி.

"அண்ணி, புதுசு வாங்கறது முட்டாள்தனம். செகண்ட் ஹேண்ட்ல கார்பன் வண்டியே கிடைக்கும். நான் ஆள் சொல்றேன்."

இவர் உடனே, "அவன் சொல்றத கேளு, அவனுக்கு இதெல்லாம் தெரியும்."

துண்டு காயப்போடத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் சொன்ன ஆளின் வண்டியை மூவரும் போய்ப் பார்த்தோம். விற்பவர் வண்டிக்கு மெழுகு பூசி வைத்திருந்தார்.

"ஒரே ஒரு தடவதான் மேடம் எடுத்தேன்."

சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கினேன். டக். இறக்கினேன். டக். பின் சட்டம் வந்து சேரும் மூட்டுகளில் பேரிங் தேய்ந்து ஆடுகிறது. ஒரே ஒரு தடவை எடுத்தாராம். எரிமலையில் இறக்கினாரோ என்னவோ.

"அது சத்தம் இல்ல மேடம், அது ஃபீலு."

பேரறிஞர் தலையாட்டினார். "ஆமாண்ணி, கார்பன்ல அப்படித்தான் இருக்கும்."

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர்கள் இருவரும் அது என் பிடிவாதம் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

சைக்கிள் பற்றி எதுவும் இல்லை. ஆபீஸ்.

எங்கள் மருந்துக் கம்பெனி லேபில் மாத்திரை மாவு எடைபோட்ட பதிவேடு என் கையெழுத்துக்கு வந்தது. நம் சீனியர் அனலிஸ்ட் எடைபோட்ட பத்தும் 0.2500. பத்தும்! பதினைந்து வருட அனுபவத்தைப் பார்த்து மாவு பயந்துபோய்ச் சரியாகக் கால் கிராமில் அட்டென்ஷனில் நின்றுவிட்டது போலிருக்கிறது.

"தராசக் கேட்டு எழுதுங்க சார், மனசக் கேட்டு எழுதாதீங்க" என்றேன், எல்லோர் முன்னாலும்.

"ரெண்டு மில்லிகிராம்ல யாரு மேடம் சாகப் போறா?"

அந்த பேட்ச் முழுவதையும் நிறுத்திவைத்தேன். மறுபடி எடைபோடட்டும். ஒரு எண்ணைப் பார்த்து உள்ளபடி எழுதத் தைரியம் இல்லாதவர்களோடுதான் என் பிழைப்பு.

மார்ச் 15, சனி

வாங்கிவிட்டேன்.

பஸ் டிப்போ சந்தில் ஒரு சின்னக் கடை. விற்பது, பழுது பார்ப்பது, பில் போடுவது எல்லாம் ஒரே பெண். என் வயதுதான் இருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, செயின் துடைப்பதை நிறுத்தாமல் "என்ன பாதையில ஓட்டுவீங்க?" என்று கேட்டாள். இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று வண்டி காட்டினாள். ஒன்று எனக்குப் பெரிது. ஒன்றின் பிரேக் கம்பி இழுக்கும் ரகம். மூன்றாவது, பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் ஒன்று. காற்று ஷாக், குமிழ், எண்ணெய் பிரேக். கனம் கொஞ்சம் அதிகம், சீட்டை ஓட்டிக்கொண்டே இறக்கும் வசதி இல்லை. "இந்த விலைக்கு அத எதிர்பார்க்காதீங்க. ஆனா சட்டம் நல்ல சட்டம்" என்றாள். பதினைந்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வாளாம்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஷாக் பம்ப்பை எடுத்துக்கொண்டு வந்து, சந்து முனைவரை கேட்கிற குரலில்:

"வெயிட் எவ்ளோ மேடம் நீங்க? ஹெல்மெட், பை எல்லாம் சேத்து சொல்லுங்க."

இவர் ஒரு பக்கம். பேரறிஞர் ஒரு பக்கம். இருவரும் டயர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அறுபத்திரண்டு என்றேன்.

அவள் என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அட்டவணைப்படி காத்தடிக்கறேன். ஆனா ஒரு தடவ ஏறி உக்காந்துடுங்க, எவ்ளோ அமுங்குதுன்னு பாத்துடலாம். ரெண்டு நிமிஷம்."

"அதெல்லாம் வேண்டாம், நேரமாச்சு."

மரியாதை தெரியாத பெண். ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

மார்ச் 16, ஞாயிறு

விழுந்தேன்.

குவாரி மேட்டுப் பாறைத் திட்டில்தான். ஆறு வருடமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் அந்த நாற்பது அடி. இன்று ஏறிவிடலாம் என்று நினைத்தேன். பின்பக்கம் ஆரம்பத்திலிருந்தே சோபாவில் உட்கார்ந்ததுபோலப் புதைந்துகொண்டே இருந்தது. முதல் பாறையில் 'டொம்' என்று அடித்தது, முதுகெலும்பு வழியாகப் பல் வரைக்கும். இரண்டாவதில் பெடல் கல்லில் இடித்து வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் உரிந்துவிட்டது. மணிக்கட்டு வீக்கம்.

ஞாயிறு வீரர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு ஒரு கார் விலைக்கு வண்டி வைத்திருப்பவர்கள். அவர்களில் ஒருவன்: "அக்கா, நீங்க வண்டிய ஓட்டறீங்களா, வண்டி உங்கள ஓட்டுதா?"

பின்னாலிருந்து எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் இவர் என் முழங்காலைக் கழுவிவிட்டார். மருந்து போட்டுவிட்டார். பஞ்சைக் குப்பையில் போடும்போது, "ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல?"

மார்ச் 17, திங்கள்

சைக்கிள் ஓட்டுபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கடைப்பெயரோடு. 'ஆரம்பநிலை என்ற பெயரில் குப்பை. பின் ஷாக் முதல் பாறையிலேயே தரைதட்டுகிறது. விற்பவருக்கு வண்டியும் தெரியாது, வாடிக்கையாளரிடம் பேசவும் தெரியாது. ஏமாறாதீர்கள்.' ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் எழுதினேன்.

மதியத்துக்குள் முப்பத்து நான்கு கட்டைவிரல்கள். 'நல்லவேளை சொன்னீர்கள், அங்கே சொல்லிவைத்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்' என்று ஒருவர். 'நானும்' என்று இன்னொருவர்.

நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் நன்றாக இருந்தது.

மார்ச் 19, புதன்

கடைக்காரியிடமிருந்து ஒரு வரி வந்தது. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. 'ஷாக் தண்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது எங்க நிக்குதுன்னு பாத்து சொல்லுங்க.'

செய்த தவறை ஒப்புக்கொள்ளாமல் எனக்கு வீட்டுப்பாடம் தருகிறாள். பதில் போடவில்லை.

போய்ப் பார்த்தேன். ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் அந்த வளையம் தண்டின் கடைசி வரை தள்ளப்பட்டு, தண்டை விட்டே கழன்று விழுகிற நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 20, வியாழன்

சீனியர் மறுபடி எடைபோட்டுக் கொண்டுவந்தார். 0.2487. 0.2513. 0.2496. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

"இப்ப நம்பறீங்களா மேடம்?"

நம்பினேன். கோணல்மாணலாக இருந்தன, அதனால் நம்பினேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்...

அறுபத்திரண்டு.

அந்த எண் எங்கிருந்து வந்தது? கடைசியாக எப்போது நான் அறுபத்திரண்டு? இந்த வேலையில் சேரும்போது எடுத்த மருத்துவச் சான்றிதழில். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். தராசைக் கேட்கவே இல்லை. நான்கு தசம இடத்துக்காக ஒரு மனுஷனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டிவிட்டு, நாலே நாளில்... சீ.

கையெழுத்துப் போடும்போது சீனியர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மதிய இடைவேளையில் ஹெல்மெட், பை, தண்ணீர் பாட்டிலோடு கீழே டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போனேன். அட்டைப்பெட்டி எடைபோடும் மேடைத் தராசு அங்கேதான். யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். குமாஸ்தா டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தராசில் ஏறி நின்றதைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை விழுங்கி,

"எந்த ஊருக்கு மேடம் அனுப்பணும் உங்கள?"

79.2. பையையும் மற்றதையும் இறக்கிவைத்தால் 74.6.

பதினேழு கிலோ. ஒரு சின்னப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, வண்டி புதைகிறது என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவள் பில் புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

"எழுபத்தொன்பது புள்ளி ரெண்டு" என்றேன்.

"என்னது?"

"என் வெயிட். பையோட."

கடையில் வேறு இரண்டு ஆண்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன், காது சுட்டது.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "ஆம்பளைங்க கூட்டிச் சொல்வாங்க, பொம்பளைங்க கொறச்சுச் சொல்வாங்க. அதுக்குத்தான் உக்காரச் சொல்றது."

"அப்ப ஏன் அன்னிக்கு விட்டீங்க?"

"வந்ததுலேருந்து இவளுக்கென்ன தெரியும்ங்கற மாதிரியே பாத்துட்டு இருந்தீங்க. சண்ட போட எனக்கு நேரமில்ல மேடம்."

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். டாக்டர், பேரறிஞர், சீனியர், தாடிக்காரர்கள், ஞாயிறு வீரர்கள், எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கிறேன். திருப்பி ஒருவர் கையால் வாங்கியது இதுதான் முதல் தடவை.

ஏறி உட்கார்ந்தேன். பம்ப்பில் ஷாக்கின் காற்றழுத்தத்தை நூற்று எழுபத்தைந்து வரை ஏற்றினாள். மறுபடி உட்காரச் சொல்லி, வளையம் நகர்ந்ததை ஸ்கேல் வைத்து அளந்தாள். குமிழை இரண்டு சொடுக்கு திருகினாள். "சொல்லிவெச்ச ரெண்டு பேரும் போயிட்டாங்க" என்றாள், அளந்துகொண்டே, குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லாமல்.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன். நாலு வரிதான், ஆனால் ஒரு மணி நேரம் ஆயிற்று. 'அந்த வண்டியில் குறை இல்லை. கடைக்காரரிடம் என் எடையைப் பதினேழு கிலோ குறைத்துச் சொன்னேன். உட்கார்ந்து பார்க்கச் சொன்னார், மறுத்தேன். உண்மையான எடை 79.2, பையோடு.' அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இவர் படித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

"அறுபத்திரண்டுன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? விழுந்து கையக் கால ஒடச்சிட்டிருந்தா?"

"கடையில வெச்சு உன் வெயிட்ட திருத்தறதா? விழுந்தது நீ மட்டும்தான். சொல்லியிருந்தா நானும் விழுந்திருப்பேன்."

கோழை. ஆனால் சிரித்துவிட்டேன். ஒப்பந்தத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

புறப்படும் முன் எடை, பையோடு: 79.4. காலையில் இரண்டு தோசை அதிகம்.

ஷாக் காற்றழுத்தம்: 175. உட்கார்ந்தால் வளையம் நிற்குமிடம்: 13 மில்லிமீட்டர்.

பாறைத் திட்டு, முதல் தடவை: பாதியில் கால் ஊன்றினேன். ஞாயிறு வீரன் பக்கத்தில் வந்து நின்று, குழுவில் படித்தேன் என்றான். கேலிக்குத் தயாராக நின்றேன். "அக்கா, அந்தக் கடையில உக்கார வெச்சு அளப்பாங்களா? எனக்கும் கொஞ்ச நாளா அடிதட்டுது" என்றான், குரலைத் தாழ்த்தி. அட்ரஸ் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை: இறங்கவில்லை.