நீ துப்பிய பலாக்கொட்டை

எனக்குப் பின்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்த தம்பி சாமுவேலுக்கு,

வாழ்நாளில் நீ அவசரப்பட்ட ஒரே காரியம் இதுதான்.

உன் அடக்க ஆராதனையில் போதகர், நீ ஆண்டவரின் மார்பில் இளைப்பாறுவதாகச் சொன்னார். எந்த வேலை செய்த களைப்பு என்று கேட்க நினைத்து, அடக்கிக்கொண்டேன். இரட்சிப்பு கிருபையால், விசுவாசத்தின் வழியே வருவது, கிரியைகளால் அல்ல என்று ஞாயிறு பள்ளியில் கற்பித்தவளே நான்தான். ஆனாலும் ஆலயத்தைப் பெருக்கும்போதெல்லாம், மேலே ஒருவர் கவனிக்கிறார் என்ற நினைப்பு இருக்கத்தான் செய்தது. பின்வரிசையில் நீ தூங்குவதையும் கவனிப்பார் என்று நம்பினேன்.

சாகக் கிடந்தபோது, "என்ன துணிச்சலில் போகிறாய்?" என்று கேட்டேன். "நான் என்னத்தக்கா செஞ்சேன்? வாடான்னாரு, வாரேன்னேன்" என்றாய். முகத்தில் துளிக் கவலை இல்லை. அது என்னை இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது என் செய்தி. மழையில் ஆலயப் படியைக் கழுவப்போய், வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். மழையில் எதற்குப் படியைக் கழுவினாய் என்று கேட்காதே. எக்ஸ்ரே எடுக்க மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உன்னை நினைத்தேன், நல்லவிதமாக அல்ல.

சபைப் பெண்கள் முறைவைத்துச் சோறு கொண்டுவருகிறார்கள். சும்மா வாங்கித் தின்ன மனம் ஒப்பவில்லை. படுத்தபடியே பூண்டு உரித்துத் தருகிறேன் என்றேன். எதிர்வீட்டு ரூத் முறத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏனுங்க டீச்சரம்மா, பூண்டு உரிச்சாத்தான் சோறுன்னு ஆருங்க சொன்னது? கம்முனு உண்ணுங்க."

வாங்கிக்கொள்வது இத்தனை கடினமா, தம்பி? நீ அதில் எப்படித் தேறினாய்?

விளைச்சலில் முதலானதை ஆலயத்தில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு நான் வெறுங்கையோடு போனதே இல்லை. இந்த ஆண்டு பார்த்து, எருப்போட்டு வளர்த்த என் பலாக்கள் ஒன்றும் காய்க்கவில்லை. நீ சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிய இடத்தில் தானாக வந்த மரம் முதன்முறையாகக் காய்த்தது. ரூத்தின் கணவர் பழத்தைச் சுமந்துவந்து, "ஆரு பேர்ல வெக்கறதுங்க?" என்றார்.

என் பேரைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். நட்டது நீயல்ல, வளர்த்தது நானுமல்ல. "பேர் வேண்டாம், பழத்தை மட்டும் வையுங்கள்" என்றேன்.

என்னை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். பீடத்தின் முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. பிறகு எனக்கும் ஒரு சுளை கொடுத்தார்கள். இனித்தது. எரிச்சலாக இருந்தது.

நான் வரும்போது துடைப்பம் கொண்டுவர மாட்டேன். பின்வரிசையில் உன் பக்கத்தில் சும்மா உட்காருவேன். குறட்டை விட்டால் மட்டும் கிள்ளுவேன்.

முந்திப் போனாலும் நீ இளையவன்தான் என்று நினைவூட்டும்
உன் அக்கா எஸ்தர்
வளப்பூர் நாடு