நத்தைக் கட்டுரையில் என் கை

மார்ச் 9, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாத்தனாரின் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போட்டோ எடுக்கப் போகிறோம் என்றதும், ஓடிப்போய் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டேன். போட்டோவில் வரப்போவது என் முகம்கூட இல்லை. விரித்துவைத்த புறங்கை, அதன்மேல் ஒரு நத்தை. நத்தை எவ்வளவு பெரிசு என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம், அதற்குத்தான் கை. இருந்தாலும் என் கையாயிற்றே. மூளியாக அனுப்ப மனசு வருமா?

அந்தப் பாலிஷும் அவளுடையதுதான். அவள் அதை அழகுக்கு வாங்கவில்லை. எந்த நத்தை எதுவென்று அடையாளம் தெரிய ஓட்டின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். நத்தைக்கு வைத்ததில் மிச்சம் எனக்கு.

"என்ன அண்ணி, நகமெல்லாம் ஜொலிக்குது?"

"உன் நத்தைக்கு ஈடா நிக்க வேணாமா?"

சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

மாடி அறையில் பாதி இவள், பாதி நத்தை. ஈரச் சுவரில் ஒரு நத்தை போன தடத்திலேயே அடுத்த நத்தையும் ஏன் போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ரெண்டு வருஷமாகப் பார்க்கிறாள்.

"என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. சோம்பேறித்தனம்."

"அதைத்தான் அண்ணி இருபது பக்கத்துல எழுதியிருக்கேன்."

விளையாட்டெல்லாம் சரி. இந்த மாசக் கடைசிக்குள் கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இவள் வேலையை நீட்டிப்பார்களாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர். அவள் போய்விட்டால் நான் யாரை வம்புக்கு இழுப்பது? இவரையா? இவரைக் கிண்டல் செய்தால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் புரிகிறது.

மார்ச் 16, திங்கள்

எழுதுவது சுலபமாம். பத்திரிகைக்காரர்கள் சொல்கிறபடி அதை அடுக்கிக் கொடுப்பதில்தான் உயிர் போகிறதாம். வரிக்கு வரி நம்பர் போட வேண்டும். வரிக்கு நடுவில் இன்னொரு வரி நுழைகிற அளவு இடம் விட வேண்டும். நாலு பக்கமும் ஒரு அங்குலம் ஓரம் வெறுமனே கிடக்க வேண்டும்.

"எதுக்கு, பின்னாடி கட்டுரை குண்டானா பிரிச்சு விடறதுக்கா?" என்றேன். தையல்காரிக்குத் தையல்காரி புத்தி.

படத்துக்கு மட்டும் ஓரம் கூடாதாம். தாள் முழுக்க நிறைந்து நிற்க வேண்டுமாம். என் கை அல்லவா, அதற்குரிய மரியாதை.

மார்ச் 18, புதன்

கடைசிப் பக்கங்களில் யார் யார் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள் என்று பெரிய வரிசை. ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் கமாவா புள்ளியா என்று கணக்கு இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கமாவுக்கு வால் இருக்கும், புள்ளிக்கு இருக்காது. அது போதும் என்றாள். சாயங்காலம் முழுக்க நான் "புள்ளி, கமா, கமா, புள்ளி" என்று வாசிக்க அவள் சரிபார்த்தாள்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றார்.

மார்ச் 23, திங்கள்

அனுப்பியாச்சு. பட்டனை என்னை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன்.

மார்ச் 26, வியாழன்

திரும்பி வந்துவிட்டது.

கலர் படம் போடுவதில்லையாம் அந்தப் பத்திரிகையில். கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கேட்டிருந்தார்கள், இவளும் மாற்றித்தான் அனுப்பியிருந்தாள். அவர்கள் கேட்கிற கேள்வி இது: பொட்டு வைத்த நத்தை ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள், படத்தில் ஆறு தெரிகிறதே, மற்ற ஐந்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை?

ஆறு எப்படி? ரெண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தோம். ஒன்று நத்தை. அஞ்சு, பாலிஷ் போட்ட என் விரல்.

"அப்ப என் விரல் பாக்கறதுக்கு நத்தை மாதிரியா இருக்கு?"

அவள் படத்தைப் பெரிசாக்கி இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன், அவ கண்ணு கலங்கியிருக்கு. இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கு. என் ஒரு நாள் மினுக்கு அவ ரெண்டு வருஷத்துக்கு உலை வைக்கப் பாக்குது. என்ன ஜென்மம் நான்? ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. "பரவாயில்ல அண்ணி, வேற எடுத்துக்கலாம்"ங்கறா.

மார்ச் 27, வெள்ளி

பாலிஷ் போகமாட்டேன் என்கிறது. மழையில் நனைந்தாலும் நத்தைமேல் நிற்க வேண்டும் என்று தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாள் புண்ணியவதி.

சரி, இவர் கையை வைத்து எடுப்போம் என்று உட்காரவைத்தோம். இவருக்கு வேலை உப்பு குடோனில். எத்தனை கழுவினாலும் கையில் உப்பு இருக்கும்போல. நத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தது, ஓட்டுக்குள் போனது, சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு நீயும் இப்படித்தான் தலையை உள்ள இழுத்துக்கிட்ட," என்கிறார் என்னைப் பார்த்து. தங்கச்சி முன்னால் பேசுகிற பேச்சா இது? அவள் சிரித்தாள். அதனால் விட்டுவிட்டேன்.

மார்ச் 28, சனி

எதிர்வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொஞ்சம் தின்னர் கேட்டேன். எதற்கு என்றார். நத்தைக்கு என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. நகம் வெளுத்துவிட்டது, ஆனால் கை பெட்ரோல் பங்க் மாதிரி நாறுகிறது. எந்த நத்தையும் கிட்ட வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கழுவினேன். கழுவினேன். கழுவினேன்.

மார்ச் 30, திங்கள்

காலையில் ஏறியது. கையை ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்து எடுத்தேன். மோதிரமும் இல்லை, வளையலும் இல்லை, வெறுங்கை. நத்தை கட்டைவிரலில் ஆரம்பித்து நிதானமாக நடுவிரலுக்கு வந்து நின்றது. கூசியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி இருந்தேன், வாழ்க்கையிலேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அதுதான் என்று இவர் ஊரெல்லாம் சொல்கிறார்.

மத்தியானம் அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை பட்டனை அவளே அமுக்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 8, புதன்

எல்லாம் சொன்னபடி அடுக்கியிருக்கிறது, படித்துப் பார்த்து முடிவு சொல்கிறவர்களிடம் அனுப்பிவிட்டோம் என்று பத்திரிகையிலிருந்து பதில். வேலையை நீட்டித்துவிட்டார்கள். ரெண்டு வருஷம். மாடிப்படியில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு வருஷம் உங்க வாய்க்கு நான்தான் தீனி அண்ணி," என்றாள். நானும் கட்டிக்கொண்டேன்.

கட்டுரையை அச்செடுத்து நாளைக் காலையில் ஆபீசில் பெரியவர் கையில் கொடுக்க வேண்டுமாம். மேஜைமேல் வைத்திருந்தாள். என் கையை எதிர்வீட்டு அம்மாவுக்குக் காட்டிவிட்டு வர எடுத்துப் போனேன். பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

வைத்த இடம் மேஜை இல்லை, நத்தைப் பெட்டி. மூடி சரியாக மூடியிருக்கவில்லை. நத்தை தாள் தின்னும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இருபது பக்கத்திலும் ஓரத்தை மட்டும்தான் தின்றிருக்கின்றன. எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. ஓரம் எதற்கு விடச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறது.

படத்துக்கு ஓரம் கிடையாது. என் சுண்டுவிரலைக் காணோம்.