பழைய குரல் வராது

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. உளுந்து வாங்க மறந்தாயிற்று.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். கணினியில் மட்டும்தான் ஓடும். அதைப் போனுக்குக் கொண்டுவர நானும் பாடியில் இருக்கும் முரளியும் விடுமுறைகளில் மெனக்கெடுகிறோம். எல்லாம் வந்துவிட்டது, குரலைத் தவிர. அந்தப் பெண் குரலின் மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. செய்தவரும் இப்போது இல்லை. இனி வேறு குரல்தான். இன்று உறுதி.

அதைப் பயன்படுத்துகிறவர்களின் வாட்ஸ்அப் குழு காத்திருக்கிறது. முரளிக்குப் போன். "குரூப்ல சொல்லிடலாமா?"

"இன்னாத்துக்கு இப்ப? முடிச்சுக் கையில குடுத்துட்டா பழகிப்பாங்க. இப்ப சொன்னா பாதிப் பேர் ஓடிப்பூடுவாங்க."

அவன் சொல்வதிலும் நியாயம்.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணனூர் தாண்டி ரயில் நின்றுவிட்டது. ஆபீசுக்குத் தாமதம். குழுவில் மறுபடி யாரோ: "ஏதாவது தகவல் உண்டா?" முரளி: "விரைவில்."

மாலை பாத்திமா டீச்சர் அழைத்தார். பூந்தமல்லிப் பள்ளியில் தமிழாசிரியை. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. லேப்டாப் சூடாகி அணைந்துவிடுகிறதாம்.

"தம்பி வேற வாங்கித் தரேன்றான். போன்லயே வந்துரும்னு நான்தான் தள்ளிக்கினு வரேன். அதே கொரல்தானே வரும், கீதா?"

"பாத்துட்டிருக்கோம் டீச்சர்."

பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. என் வார்த்தையை நம்பி ஒருவர் லேப்டாப் வாங்காமல் இருக்கிறார்.

ஜூலை 10, வியாழன்

லீவு. கழுத்து வலி. அறிவிப்பு எழுதினேன். "தொழில்நுட்பக் காரணங்களால்..." அழித்தேன். "தவிர்க்க இயலாத..." அதையும். கடைசியில்:

'பழைய குரல் போனில் வராது. மூலக் கோப்பு கிடைக்கவில்லை. வேறு குரல் வரும். எப்போது என்று தெரியாது. லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.'

அவர்கள் காதில் எப்படி விழும் என்று மென்பொருளிலேயே போட்டுக் கேட்டேன். அந்தக் குரலே வாசித்தது, பழைய குரல் வராது என்று. எந்த வருத்தமும் இல்லாமல். எழுந்துபோய்க் காபி போட்டேன்.

முரளி படித்துவிட்டு: "அனுப்பு. திட்டு வந்தா நீதான் வாங்கிக்கணும்."

அனுப்பினேன்.

ஜூலை 11, வெள்ளி

திட்டு வந்தது. "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" சிலர் குழுவை விட்டே போனார்கள். முரளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறான். நான் அப்படிச் செய்யச் சொல்லவேயில்லை.

டீச்சரிடமிருந்து ஒன்றும் இல்லை. கை போனுக்கே போகிறது.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். மாவு அரைத்தேன். டீச்சர் அழைத்தார்.

"லேப்டாப் வாங்கியாச்சு."

"கோபமா டீச்சர்?"

"கோபம் இல்லாமயா பேசாம இருந்தேன்? பி.எட். பூரா அவ வாசிச்சுக் காட்டித்தான் படிச்சேன். புதுசு எப்படி? போட்டுக் காட்டு."

புதுக் குரலைச் சோதிக்கும் கணினி அருகே போனை வைத்தேன். அவர் முன்பு அனுப்பியிருந்த வினாத்தாளையே வாசிக்க விட்டேன். முழுதும் கேட்டார்.

"இன்னாம்மா இது, கேள்வியெல்லாம் தீர்ப்பு மாதிரி சொல்லுது? பிள்ளைங்க பயந்துடும்." சிரித்தார். "சரி பண்ணு. முடியலன்னா முடியலன்னு சொல்லு. அடுத்ததையும் எனக்குப் போட்டுக் காட்டு."

குழுவில் எழுதினேன்: 'புதுக் குரலுக்கு இன்னும் கேள்வி கேட்கத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.'

உடனே முரளி: "இதையுமா போட்ட?"

"போட்டேன்."