அதே படிகம்தான், நசீமா

என் தங்கமே நசீமா,

நல்லா இருக்கியான்னு உன்னைக் கேக்க முடியாது. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம மேனேஜர் சம்பத் மாட்டிக்கிட்டான்டி. அவனை 'சார்'னு கூப்பிடுறதை விட்டதுலருந்து என் வாய்க்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

ஊரும் படிக்கட்டும்னுதான் எழுதுறேன். அதனால உனக்குத் தெரிஞ்சதையும் திருப்பிச் சொல்றேன், பொறுத்துக்கோ.

ஒசூர்ல அந்த மருந்து கம்பெனி லேபுல நீயும் நானும் ஒண்ணாத்தான் சேர்ந்தோம். மருந்துப் படிகத்தை எக்ஸ்ரேல வெச்சு, உள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்கிற வேலை. அந்த அடுக்கோட ஒழுங்குக்கு ஸ்பேஸ் குரூப்னு பேரு. ஒரே ஸ்பேஸ் குரூப்பை, அச்சுகளை எந்தப் பக்கமா எடுக்கிறோம்ங்கிறதை வெச்சு, ரெண்டு மூணு செட்டிங்ல எழுதலாம். எண்கள் மாறும், படிகம் மாறாது. ஒசூர்லருந்து கிருஷ்ணகிரிக்கு சூளகிரி வழியாவும் போகலாம், ராயக்கோட்டை வழியாவும் போகலாம். போய் எறங்குற ஊரு ஒண்ணுதான்.

பழைய ரிப்போர்ட்டுல அந்த மருந்து 'சி' செட்டிங்ல இருந்துச்சு. நீ 'என்' எடுத்தே. அதுலதான் கோணம் தொண்ணூறுக்குப் பக்கத்துல வந்துச்சு, நீ செஞ்சதுதான் முறை. எண்கள் வேறயா இருக்கிறதைப் பார்த்ததும் சம்பத்துக்குத் தலைகால் புரியல. அந்த மருந்துக்குப் புதுப் படிக வடிவம் கண்டுபிடிச்சாச்சுன்னு மருந்து வாங்குற கம்பெனிக்குச் சொல்லிட்டான். செட்டிங் மாறினாலும் கனஅளவு மாறாது, அதைப் பாருங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்னு நீ ஓடிப்போய் சொன்னே. கேட்டானா? அப்புறம் அவங்களே சந்தேகப்பட்டுக் கேட்டப்போ, அந்தப் பொண்ணு செட்டிங்கைத் தப்பாப் போட்டுட்டான்னு உன்னைக் கை காட்டினான்.

டேட்டாவைக் கெடுத்தவள்னு முத்திரை குத்தி உன்னை அனுப்பிட்டாங்க. அத்திப்பள்ளி, பொம்மசந்திரான்னு பார்டர் தாண்டி ஏறி எறங்கினியே, எவன் வேலை குடுத்தான்? அடுத்த மழைக்கு டெங்கு வந்து போய்ச் சேர்ந்துட்டே. உன்னைக் கொன்னது கொசுதான், அதை நான் அவன் தலைல கட்ட மாட்டேன். ஆனா உன்னைக் கொண்டுபோன அன்னைக்கு உங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நெஜமாவே எம்பொண்ணு வேலைல தப்பு பண்ணாளான்னு கேட்டாங்க. அதுக்கு அவன்தான் பதில் சொல்லணும். பண்ணலம்மான்னுதான் நான் சொன்னேன். சிநேகிதி வேற எப்படிச் சொல்வான்னு அவங்களுக்குத் தோணியிருக்கும்.

அவன் வாயாலயே சொல்ல வைக்கணும்னு அன்னைக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன். அவன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா இருந்தேன். மருந்து வாங்குற கம்பெனிக்காரங்களோட பெரிய மீட்டிங் ஒண்ணு வந்துச்சு. நீ எடுத்த அதே பாட்டில்லருந்து ஒரு படிகத்தை எடுத்து, மூணாவதா 'ஏ' செட்டிங்ல ப்ராசஸ் பண்ணி அவன் மேஜைல வெச்சேன். ஒரு பொய்யும் எழுதல. பாட்டில் நம்பர், செட்டிங் எல்லாம் மொதப் பக்கத்துலயே இருந்துச்சு. படிக்க வேண்டியதுதானே? எண்களை மட்டும் பார்த்தான், பல்லை இளிச்சான்.

மீட்டிங்ல எழுந்து நின்னு இன்னொரு புது வடிவம்னு அறிவிச்சான். எதிர்ல அந்தக் கம்பெனி சார்பா இருந்த அம்மா ஒருத்தங்க கனஅளவு என்னன்னு கேட்டாங்க. அவன் வாசிச்சான். அவங்க பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினாங்க. நான் எழுந்தேன்.

"இது நசீமா எடுத்த அதே பாட்டில். மூணும் ஒரே படிகம். அவ அன்னைக்கே சொன்னா."

அவன் மூஞ்சி போன போக்கைப் பார்க்க நீ இல்லாம போயிட்டியேடி. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன்.

அவன் வேலை போச்சு. உடனே எனக்கு ஃபோன். தெரியாம நடந்த பிழைன்னு நான் எழுதிக் குடுத்தா வேற எடத்துல சேர்ந்துக்குவானாம். மொதல்ல நசீமா வீட்டுக்கு வாங்க, அப்புறம் பார்க்கலாம்னேன். வந்தான். உங்கம்மா உள்ள கூப்பிடல. உங்க பொண்ணு சரியாத்தான் பண்ணாங்க, தப்பு என்னுதுன்னு தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

உங்கம்மா குரலை ஒசத்தவே இல்ல. "எனக்குச் சொன்னது போதும். தெருவைப் பார்த்துச் சொல்லுங்க."

திரும்பி நின்னு சொன்னான். எதிர்வீட்டுல கதவு தொறந்துச்சு. உங்கம்மா முடியறவரைக்கும் நின்னு கேட்டுட்டு உள்ள போய்த் தாழ்ப்பா போட்டுக்கிட்டாங்க.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பேப்பரைக் கேட்டுக்கிட்டே வந்தான். குடுக்கல. உன் மேல சத்தியமா சொல்றேன், நான் இருக்கிறவரைக்கும் என் கையெழுத்து அவனுக்குக் கெடைக்காது.

உன் கூடப் பிறக்காத அக்கா,
மஞ்சுளா